ஏ.ஐ. வந்த பிறகு சின்னக் கடைக்கு எஸ்.இ.ஓ. தேவைதானா? மாசம் 18,000 கேட்கிறார்கள்

கணபதி கிரைண்டர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோவை கணபதியில் எங்களுக்கு வெட் கிரைண்டர் கடை, விற்பனையும் உண்டு, சர்வீஸும் உண்டு. அப்பா 1994-ல் ஆரம்பித்தது. கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது எல்லாம் அவர் கையாலேயே நடக்கும், மோட்டார் காயில் கட்ட மட்டும் வெளியே கொடுப்போம். நான் கடைக்கு வந்து 6 வருடம் ஆச்சு, வந்ததும் முதல் வேலையாக ஒரு வெப்சைட் போட்டேன். அப்பாவைப் பொறுத்தவரை அது இன்னமும் "கம்ப்யூட்டருக்குள்ள வெச்ச போர்டு", அவ்வளவுதான்.

அதில் புதுக் கிரைண்டர் கல்லைப் பழக்குவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். முதலில் தவிடு போட்டு ஆட்டிக் கழுவணும், அப்புறம் பழைய அரிசியை ஊறவைத்து ஆட்டிக் கீழே கொட்டணும், கடைசியில் மாவை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் மணல் நெருடக்கூடாது, நெருடினால் இன்னொரு தடவை. வாங்க வருகிறவர்களிடம் அப்பா தினம் சொல்வதுதான், அதையே தட்டி வைத்தேன். அது பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரு நாளைக்கு 200 பேர், சில நாள் 250 பேர்கூட அந்த ஒரு பக்கத்துக்கு வருவார்கள். போன வருடத்திலிருந்து இறங்கி இறங்கி இப்போது 70-ஐத் தாண்டினால் பெரிய விஷயம். நானே கூகுளில் தேடிப் பார்த்தேன், மேலே ஏ.ஐ. எழுதிய பதில் பெரிய கட்டமாக நிற்கிறது, நான் எழுதியதையே கொஞ்சம் மாற்றிச் சொல்கிறது, எங்கள் சைட் ஓரத்தில் சின்ன லிங்காக இருக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த நேரம் பார்த்து ஒரு மார்க்கெட்டிங் கம்பெனி ஆள் கடைக்கே வந்தார். கூகுளில் தேடினால் சைட்டை மேலே வரவைக்கிற எஸ்.இ.ஓ. செத்துப்போச்சு, இனிமேல் ஏ.ஐ. பதிலில் வரவைக்கிற ஜி.இ.ஓ.தான், சாட்ஜிபிடியிலேயே உங்கள் கடை பேரை வரவைக்கிறோம் என்கிறார். மாதம் 18,000, ஆறு மாதத்துக்கு முன்பணம். முதல் பக்கம் கேரண்டி, காந்திபுரம், பீளமேடு, சிங்காநல்லூர் தொடங்கி பொள்ளாச்சி வரைக்கும் ஊருக்கு ஒரு பக்கமாக 30 பக்கம், மாதம் 50 ரிவ்யூ, அப்புறம் ஏ.ஐ.-க்கென்றே எல்.எல்.எம்.எஸ். டெக்ஸ்ட் என்று ஏதோ ஒரு ஃபைல். ஒரு டேபிள் டாப் விற்றால் கையில் என்ன நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு 18,000 எத்தனை கிரைண்டர் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பாவிடம் இன்னும் வாயே திறக்கவில்லை. கொடுக்கலாமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.


நொய்யல் கரை:

கொடுக்காதீங்க. காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் ஒரு கேள்வி: அந்த 200 பேரில் எத்தனை பேர் உங்கள் கடைக்குப் போன் செய்தார்கள்?

நான் திருப்பூரில் 9 வருடமாக இந்த எஸ்.இ.ஓ. வேலைதான் செய்கிறேன், அதனால் சொந்தத் தொழிலைப் பற்றி நானே குறை சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லைப் பழக்குவது எப்படி என்று தேடுகிற ஆள் ஏற்கெனவே கிரைண்டர் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார். அவர் மதுரையில் இருக்கலாம், துபாயில் இருக்கலாம். உங்களிடம் வாங்கப்போவதும் இல்லை, சர்வீஸுக்குக் கொண்டுவரப்போவதும் இல்லை. அந்தக் கூட்டம் போனதில் கல்லாவுக்கு நஷ்டம் உண்டா என்று முதலில் பாருங்கள். கூகுளில் தேடி சைட்டுக்கு வந்தவர்கள் கணக்கைக் காட்டுகிற கூகுள் சர்ச் கன்சோல் இலவசம்தான், 16 மாதக் கணக்கு அதிலேயே இருக்கும். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று பிரித்தே பார்க்கலாம். அப்படியே உங்கள் பிசினஸ் புரொஃபைலில், அதாவது மேப்பில் கடை பேரைத் தட்டினால் வருகிற பக்கத்தில், எத்தனை பேர் போன் பட்டனை அமுக்கினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்றும் இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏ.ஐ. கட்டம் இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. "எப்படி", "என்ன", "ஏன்" என்று தேடுகிற பக்கங்களுக்குத்தான் அடி அதிகம், ஏனென்றால் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது, யாரும் உள்ளே வருவதில்லை. "பக்கத்துல கிரைண்டர் சர்வீஸ்" என்று தேடினால் கதை வேறு. மேப்பும் மூன்று கடையும்தான் இன்னமும் பெரும்பாலும் கண்ணில் படுகிறது. பெல்ட்டை ஏ.ஐ. வந்து மாட்டாதுங்களே.

இப்போது அந்த கோட்டேஷனுக்கு வருவோம். முதல் பக்கம் கேரண்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஊருக்கு ஒரு பக்கம் என்பது பழைய வித்தை, ஊர் பேரை மட்டும் மாற்றி ஒரே எழுத்தை 30 தடவை ஒட்டுவார்கள், கூகுளின் ஸ்பாம் விதியில் நேராக அதற்கே பேர் உண்டு. 2024 மார்ச்சில் இன்னும் இறுக்கிவிட்டார்கள், மனுஷன் எழுதினாலும் சரி, மெஷின் எழுதினாலும் சரி, ரேங்குக்காக மொத்தமாக உற்பத்தி செய்த பக்கம் என்றால் தூக்கிவிடுவோம் என்று. அந்த டெக்ஸ்ட் ஃபைலைப் பற்றி ஒரே வரிதான்: ஏ.ஐ. பதிலில் வருவதற்குத் தனியாக எந்த ஃபைலும் தேவையில்லை என்று கூகுள் சொல்லிவிட்டது. 50 ரிவ்யூ விஷயத்தை வேறு யாராவது சொல்வார்கள், எனக்கு அதை நினைத்தாலே பிரஷர் ஏறுகிறது.


ஜமக்காளம் பவானி:

அண்ணா, பணம் கொடுக்கிறீங்களோ இல்லையோ, முதலில் உங்கள் டொமைன், அதாவது சைட்டின் முகவரி, யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். நான் பட்ட பாடு வேறு யாரும் படக்கூடாது.

நாங்கள் பவானியில் ஜமக்காளம் வியாபாரம். 2022-ல் ஒருத்தரிடம் வெப்சைட்டைப் புதுசாக மாற்றிக் கொடுக்கச் சொன்னோம். பளபளவென்று செய்தார், நெசவாளர் குழித்தறியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி பெரிய வீடியோ முகப்பிலேயே ஓடும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த வாரத்திலிருந்து விசாரணை ஒன்றுகூட வரவில்லை. ஆடி மாதம், அதனால்தான் என்று நினைத்தோம். ஆவணி பிறந்து முகூர்த்தம் தொடங்கியும் போன் அடிக்கவில்லை. 40 நாள் கழித்து என் மச்சான் பையன், கல்லூரியில் படிக்கிறவன், சும்மா உட்கார்ந்து நோண்டிக்கொண்டிருந்தவன் கண்டுபிடித்தான். சைட் கட்டப் பயன்படுத்துகிற வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், தேடுபொறிகள் இந்த சைட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்கு. சைட்டைக் கட்டும்போது அதில் டிக் போட்டு வைப்பார்கள், முடிந்ததும் எடுக்கணும். எடுக்க மறந்துவிட்டார். ஒரு டிக். அதற்கு 40 நாள் வியாபாரம்.

சரி, எடுத்துவிடலாம் என்றால் எங்களிடம் பாஸ்வேர்டு இல்லை. டொமைனும் அவர் பேரில், சைட்டை வைத்திருக்கிற இடமான ஹோஸ்டிங்கும் அவர் பேரில். போனை எடுக்கவில்லை, எடுத்தபோது வருடப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்றார். பேசிப் பேசி, கடைசியில் அவர் கேட்டதைக் கொடுத்துத்தான் மாற்றி வாங்கினோம். மேப் புரொஃபைலும் அப்படித்தான், உரிமையாளர் இடத்தில் உங்கள் ஜிமெயில் இருக்கணும், வேலை செய்கிறவரை மேனேஜராக மட்டும் சேர்த்தால் போதும், வேண்டாம் என்றால் நாமே எடுத்துவிடலாம்.

அப்புறம் அந்த வீடியோவையும் எடுத்துவிட்டோம். கிராமத்துப் பக்கம் போனில் திறக்க அவ்வளவு நேரம் ஆகிறது, யார் காத்திருப்பார்கள்? முக்கியமான படம் இரண்டரை நொடிக்குள் தெரியணும் என்பதுதான் கூகுள் சொல்கிற அளவு. இப்போது முகப்பில் ஒரே போட்டோ, கீழே விலை, அதற்குக் கீழே போன் நம்பர்.


கணபதி கிரைண்டர்:

இரண்டு பேருக்கும் நன்றிங்க. பவானி அண்ணா சொன்னதும் ஓடிப்போய் பார்த்தேன், நல்லவேளை, டொமைன் என் பேரில்தான் இருக்கிறது.

சர்ச் கன்சோலைத் திறந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். நொய்யல் கரை அண்ணா சொன்னது அப்படியே இருக்கிறது. கல்லைப் பழக்கும் பக்கத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாடு. அமெரிக்காவிலிருந்து இத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். மேப் கணக்கில் போன் அழைப்புகள் போன வருடம் எப்படியோ அப்படியேதான் இருக்கிறது, இரண்டு மாதம் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. ஆக நான் இத்தனை நாள் கவலைப்பட்டது கடைக்கு வராத ஆட்களுக்காக.

ஆனால் இன்னொன்று கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு எப்போதும் சைபர். ஞாயிறு மதியம் வரைக்கும் நாங்கள் திறந்திருப்போம், வேலைக்குப் போகிறவர்கள் அன்றைக்குத்தான் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நேரத்தைப் பார்த்தால் ஞாயிறு விடுமுறை என்று போட்டிருக்கிறது. கொரோனா சமயத்தில் நானே மாற்றியது. மறுபடி மாற்றவே இல்லை. 5 வருடமாக மேப்பில் என் கடைக்கு நானே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.


கோபி செக்கு:

தம்பி, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நேரத்தை இன்றைக்கே மாற்றுங்கள். தேடுகிற நேரத்தில் திறந்திருக்கும் கடையைத்தான் கூகுள் முன்னால் காட்டப் பார்க்கும். அதற்காக 24 மணி நேரமும் திறப்பு என்று போட்டுவிடாதீர்கள், ராத்திரி ஒன்பதரைக்கு ஒருத்தர் துடியலூரிலிருந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டார் குத்திவிட்டுப் போவார், அது ஆயுசுக்கும் நிற்கும்.

ரிவ்யூ விஷயத்துக்கு நான் வருகிறேன். கோபியில் எங்களுக்கு மரச்செக்கு, கடலெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஆட்டிக் கொடுப்போம், கொண்டுவருகிறவர்களுக்குக் கூலிக்கும் ஆட்டுவோம். எங்களிடமும் ஒரு ஆள் வந்தார், 100 ரிவ்யூ இவ்வளவு ரூபாய் என்று. என் வீட்டுக்காரர் சரி என்றே சொல்லிவிட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். பக்கத்து ஊரில் ஒருத்தர் வாங்கினார், ஒரே வாரத்தில் 80 ரிவ்யூ, எல்லாம் "வெரி குட் சர்வீஸ்", "நைஸ் பிளேஸ்". எண்ணெய்க் கடைக்கு நைஸ் பிளேஸாம். ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்த 80-ம் காணோம், கூடவே பழைய உண்மையான ரிவ்யூவும் கொஞ்சம் போய்விட்டது. காசு கொடுத்தோ சலுகை கொடுத்தோ ரிவ்யூ வாங்கக்கூடாது என்பது கூகுள் விதி. நம் அரசாங்கமும் 2022 நவம்பரில் இதற்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்திருக்கிறது, வாங்கிய ரிவ்யூவைப் போடக்கூடாது என்று அதிலும் இருக்கிறது.

நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். எண்ணெய் வாங்கிப் போனவர் இரண்டாவது தடவை வரும்போது கேட்போம். முதல் தடவை கேட்க மாட்டோம். இரண்டாவது வருகிறார் என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அவருக்கே எழுதத் தோன்றும். மாதம் நாலைந்துதான் வரும், ஆனால் எழுதுவதைப் பாருங்கள்: "எங்க தோட்டத்துக் கடலையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், கண்ணு முன்னால ஆட்டிப் புண்ணாக்கோட கொடுத்தாங்க." இந்த ஒரு வரியில் என்ன தேடி வருவார்களோ அந்தச் சொல் அத்தனையும் இருக்கிறது. நான் உட்கார்ந்து யோசித்தால்கூட இப்படி எழுத வராது. பதில் போடும்போதும் "நன்றி, மீண்டும் வருக" என்று ஒட்டாமல், கடலை எவ்வளவு ஈரமாக இருந்தது, அதனால் எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்று அவர் விஷயத்தையே எழுதுவேன்.

இன்னொன்று, கடை பேரில் "கோயம்புத்தூர் நம்பர் ஒன் வெட் கிரைண்டர் சேல்ஸ் சர்வீஸ் ஸ்பேர்ஸ்" என்றெல்லாம் சேர்க்கச் சொல்வார்கள். போர்டில் என்ன பேரோ அதுதான் அங்கேயும் இருக்கணும், யாராவது புகார் கொடுத்தால் புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள். அப்புறம் கடை வாசல், போர்டு, உள்ளே இருக்கும் மெஷின் எல்லாவற்றையும் நடந்துகொண்டே ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பு என்று கேட்பார்கள், அந்தத் தலைவலி தனி.


லேத் பட்டறை:

எல்லாம் சரிதான், ஆனால் எல்லாருக்கும் இது தேவை என்கிற மாதிரிப் பேசாதீர்கள். எனக்கு சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் பம்ப் ஷாஃப்ட் ஜாப் ஒர்க். மொத்தமே 7 பார்ட்டி, அதில் 3 பேர் என் அப்பா காலத்திலிருந்து வருகிறவர்கள். எவரும் கூகுளில் தேடி என்னிடம் வரவில்லை, வரவும் மாட்டார்கள். 2023-ல் ஒரு வருடம் எஸ்.இ.ஓ.-வுக்குப் பணம் கட்டினேன், வந்த அழைப்பெல்லாம் லேத் ஆபரேட்டர் வேலை கேட்டு வந்ததுதான். அதில் ஒரு நல்ல பையன் கிடைத்தான், இன்னமும் இருக்கிறான், அந்த வகையில் பணம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். கிரைண்டர் கடை தெருவில் போகிறவருக்கு விற்கிற தொழில், உங்களுக்கு மேப் தேவை. எனக்கு வியாபாரிகள் சைட்டான இண்டியாமார்ட்டும் டீக்கடைப் பேச்சும் போதும்.


கணபதி கிரைண்டர்:

உண்மைதானுங்க. கடைசியாக இரண்டு சந்தேகம். அந்தக் கல் பழக்கும் பக்கத்தை என்ன செய்வது, எடுத்துவிடட்டுமா? புதுசாக எழுதினால் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? எங்கள் ஆட்கள் தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில்தானே அடிக்கிறார்கள்.


நொய்யல் கரை:

எடுக்காதீர்கள். ஏ.ஐ. உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது, ஓரத்தில் பேர் இருக்கிறது, இருக்கட்டும். சாட்ஜிபிடி கடை பேர் சொல்வதும் வானத்திலிருந்து இல்லை, பெரும்பாலும் இணையத்தில் தேடித்தான். உங்கள் சைட், லிஸ்டிங் எல்லாவற்றிலும் பேர், முகவரி, நம்பர் ஒரே மாதிரி இருந்தால் குழப்பமில்லாமல் எடுக்கும். அந்த ஆள் 18,000-க்குச் செய்வதாகச் சொன்ன ஜி.இ.ஓ.-வில் உருப்படியான பங்கு இவ்வளவுதான்.

ஆனால் இனிமேல் அந்த மாதிரிப் பொதுவான பக்கம் எழுதி நேரத்தைக் கரைக்காதீர்கள். 2022 டிசம்பரில் கூகுள் தன் தர அளவுகோலில் "அனுபவம்" என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தது, எழுதுகிறவர் அந்த வேலையைக் கையால் செய்திருக்கிறாரா என்று பார்ப்பதற்கு. உங்கள் அப்பாவிடம் 30 வருட அனுபவம் சும்மா கிடக்கிறது. கல் எத்தனை வருடத்தில் வழவழவென்று ஆகும், கொத்தினால் எவ்வளவு கூலி, எந்தச் சத்தம் வந்தால் பெல்ட், எந்தச் சத்தம் வந்தால் பேரிங், எந்த நிலைமையில் ரிப்பேர் செய்யாமல் புதுசு வாங்குவதே மேல். கூலியை எழுத யோசிப்பீர்கள், எல்லாரும் யோசிப்பார்கள், அதனால்தான் எழுதுகிறவருக்குப் போன் வருகிறது. மாவுக் கடைக்காரர்களுக்கு, சாய்த்து மாவைக் கொட்டுகிற டில்டிங் கிரைண்டர் பற்றித் தனியாக ஒரு பக்கம் போடுங்கள், அவர்களுக்கு மெஷின் நின்றால் காலை வியாபாரம் போச்சு, அன்றைக்கே வருவீர்களா என்பதுதான் அவர்கள் கேள்வி.

பொள்ளாச்சிக்கு ஆசைப்படாதீர்கள். மேப்பில் கூகுள் பார்ப்பது பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்கிற மூன்றும்தான். 40 கிலோமீட்டரை எஸ்.இ.ஓ. சுருக்காது.

மொழி விஷயம்: பேசுகிற தமிழில் எழுதுங்கள், தலைப்பில் மட்டும் ஆட்கள் அடிக்கிற சொல்லை வையுங்கள். எதை அடிக்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டாம், அதே சர்ச் கன்சோலில் எழுத்துப் பிழையோடு வரிசையாக இருக்கும்.


கணபதி கிரைண்டர்:

போய்ப் பார்த்தேன் அண்ணா. "கிரைண்டர் கல்லு கொத்தறவர்" என்று 60 விதமாக அடித்திருக்கிறார்கள். எங்கள் சைட்டில் கொத்துவது என்கிற சொல்லே எங்கேயும் இல்லை, "ஸ்டோன் டிரெஸ்ஸிங்" என்று பந்தாவாக எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு நேரத்தையும் மாற்றியாச்சு. இன்று சாயங்காலம் சரவணம்பட்டியிலிருந்து ஒரு பெரிய கல் கொத்த வருகிறது, அப்பா உளியும் சுத்தியலும் எடுக்கும்போது போனில் வீடியோ எடுக்கலாம் என்று கேட்டேன். "எடு, ஆனா மூஞ்சி வேண்டாம், கையை மட்டும் எடு" என்றார்.


கோபி செக்கு:

கையே போதும் தம்பி. சத்தம் நன்றாகக் கேட்கிற மாதிரி எடுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு.